உதவுகிறவர்கள் ஏன் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்?

நிவாரண வேலை, போராட்டம், கவுன்சலிங் என்று இறங்கியவர் ராத்தூக்கம் இல்லாமல் ஓடினால் அதைத் தியாகம் என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து, ஏனென்றால் தூக்கம் கெட்டால் உடம்பு மட்டும் கெடுவதில்லை, உதவும் மனமே குறைகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தூக்க ஆய்வாளர்கள் ஏட்டி பென் சைமன், மேத்யூ வாக்கர் குழு 2022இல் இதைக் காட்டியது. 24 பேரை நன்றாகத் தூங்கிய பிறகு ஒரு முறையும், ராத்திரி முழுக்க விழித்திருந்த பிறகு ஒரு முறையும் ஸ்கேன் செய்தார்கள். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார், அவருக்கு என்ன தேவை என்று யோசிக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள் தூக்கம் இல்லாதபோது மந்தமாகிவிட்டன. உதவும் விருப்பமும் இறங்கியது, அதுவும் முன்பின் தெரியாதவர்கள் விஷயத்தில் மட்டுமில்லை, நெருங்கியவர்கள் விஷயத்திலும்தான். அப்புறம் 2001 முதல் 2016 வரை அமெரிக்காவில் தரப்பட்ட 30 லட்சம் நன்கொடைகளை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே வசந்த காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், அந்த ஒரு மணி நேரத் தூக்கம் பறிபோன நாட்களில் நன்கொடை சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது; கடிகாரத்தை மாற்றாத மாநிலங்களில் அந்தச் சரிவு இல்லை. ஒரே ஒரு மணி நேரம்!

சரி, நன்றாகத் தூங்கினால் போதுமா? போதாது. அடுத்தவர் துன்பத்தை நாம் எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதும் இருக்கிறது. மூளை ஆய்வாளர்கள் தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி குழு செய்த ஆய்வில், கலந்துகொண்டவர்களுக்கு முதலில் அடுத்தவர் வலியைத் தானும் கூடவே உணர்வதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். துயரக் காட்சிகளைப் பார்த்தபோது அவர்களுக்கு வேதனை கூடியது, நமக்கே வலிக்கும்போது வேலை செய்யும் முன்புற இன்சுலா போன்ற பகுதிகள் தூண்டப்பட்டன. பிறகு அதே ஆட்களுக்குக் கருணைப் பயிற்சி, அதாவது ‘இவர் நலமாக வேண்டும்’ என்ற அக்கறையை மனதில் வளர்ப்பது. இப்போது அதே மாதிரிக் காட்சிகளைப் பார்த்தும் நல்லுணர்வு கூடியது, பாசத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புள்ள வேறு மூளைப் பகுதிகள் வேலை செய்தன. ஆக, வலியோடு கூடவே மூழ்குவதும் அக்கறையோடு பக்கத்தில் நிற்பதும் மூளைக்கு இரண்டு வேறு வேலைகள், முதலாவதுதான் ஆளைக் கரைக்கிறது. பாதிக்கப்பட்டவர் கதையைக் கேட்டு அழுதால்தான் உண்மையான அக்கறை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

‘பர்ன் அவுட்’, அதாவது வேலையால் மனமும் உடம்பும் முற்றிலும் களைத்துப்போவது பற்றிய முக்கியமான முதல் கட்டுரைகளில் ஒன்றே இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றியதுதான். 1974இல் அதை எழுதிய மனநல நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு ராத்திரியில் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர். அங்கே அதிகம் ஈடுபட்டவர்களே அதிகம் களைத்துப்போனதைப் பார்த்தார், அவருக்கும் அதே கதி நேர்ந்தது. பிறகு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளக்கும் முறையை உருவாக்கினார். அவர் சொல்லும் மூன்று அறிகுறிகள்: மனம் வற்றிப்போவது, உதவி கேட்டு வருகிறவர் மனிதராகத் தெரியாமல் இன்னொரு கேஸாகத் தெரிவது, நாம் செய்வதில் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது. இரண்டாவதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஏனென்றால் அந்தக் கட்டத்தில் நஷ்டப்படுவது தொண்டர் மட்டுமில்லை, அவரை நம்பி வந்தவரும்தான்.

இதற்கு மருந்தாகத் தியானம், யோகா, ஒரு வாரம் லீவு என்று தனி ஆளின் தலையிலேயே கட்டிவிடுவது சுலபம். மாஸ்லாக்கும் அவரோடு வேலை செய்த மைக்கேல் லெய்ட்டரும் பார்க்கச் சொல்வது வேலை நடக்கும் இடத்தை: வேலைப்பளு எவ்வளவு, முடிவெடுப்பதில் பங்கு உண்டா, அங்கீகாரம் கிடைக்கிறதா, கூட இருப்பவர்கள் துணை நிற்கிறார்களா, நியாயமாக நடத்துகிறார்களா, நாம் நம்பும் கொள்கையும் அமைப்பு செய்வதும் பொருந்துகிறதா. நீங்கள் ஒரு குழுவை நடத்துகிறீர்கள் என்றால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ராத்திரி வரும் அவசர அழைப்புகளை ஒரே ஆள் எடுக்காதபடி முறை வைத்துப் பிரித்துக் கொடுங்கள், முறை முடிந்தவரின் போனை அணைத்துவைக்கச் சொல்லுங்கள்.