உறைய மறுக்கும் நீரும் வற்றிப் பிழைக்கும் மரமும்

கனடாவின் வின்னிபெக் நகரில் வீடு வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர், சென்ற ஆண்டு முற்றத்தில் ஆசையோடு நட்ட ஜப்பானிய மேப்பிள் கன்று ஒரே குளிர்காலத்தில் பட்டுப்போனதையும், அதே குளிரில் நின்ற பக்கத்து வீட்டு பிர்ச் மரம் வசந்தத்தில் ஒரு கிளைகூடக் காயாமல் துளிர்த்ததையும் குறிப்பிட்டு, அடுத்து எந்த மரத்தை நடலாம் என்று கேட்டிருக்கிறார்.

மேப்பிள் ஏன் பட்டுப்போனது என்பதற்கு விடை எளிது. அமெரிக்க வேளாண்மைத் துறை 1960இல் வெளியிட்டு, 2023இல் கடைசியாகத் திருத்திய மண்டல வரைபடம், ஓர் இடத்தின் ஆண்டுக் கடுங்குளிரின் சராசரியை வைத்து நிலத்தை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரிக்கிறது. 1967இல் வந்த கனடாவின் வரைபடமோ உறைபனி இல்லாத நாட்கள், பனிப்போர்வையின் ஆழம், காற்று ஆகியவற்றையும் கணக்கில் கொள்கிறது. ஜப்பானிய மேப்பிள் பொதுவாக 5ஆம் மண்டலத்துக்குரியது. அதாவது ஏறத்தாழ −29 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். வின்னிபெக்கில் 1879 டிசம்பர் 24 அன்று −47.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒரு மரம் −29இல் மடிய, இன்னொன்று −45இலும் பிழைப்பது எப்படி என்பதை மண்டல எண் சொல்வதில்லை. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

நீர் 0 டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்தோம். உண்மையில், 0 டிகிரி என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. நீர் உறைவதற்குக் குளிர் மட்டும் போதாது, படிகம் தொடங்க ஒரு தூசியோ சொரசொரப்போ வேண்டும். அப்படி எதுவும் இல்லாத தூய நீர்த்துளி, −38 டிகிரியை ஒட்டித்தான் தானாக உறைகிறது. குளிர்சாதனப் பெட்டியின் உறைவறையில் அசையாமல் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தட்டியவுடன், அது கண்முன்னே பனிக்கட்டியாவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஓக், எல்ம், ஆப்பிள், பெரும்பாலான மேப்பிள்கள் ஆகியவை இந்த விந்தையை நம்பி வாழ்பவை. இவற்றின் கட்டைக்குள் உணவு சேமிக்கும் உயிரணுக்களின் தடித்த சுவர்கள், வெளியே உருவான பனிப்படிகத்தை உள்ளே நுழைய விடுவதில்லை. தூசியற்ற அந்தச் சிற்றறைக்குள் நீர் உறையாமலேயே குளிர்ந்துகொண்டே போகிறது. கரைந்திருக்கும் சர்க்கரையும் உப்புகளும் எல்லையைச் சில டிகிரி கீழே தள்ளுகின்றன. −40ஐ ஒட்டிய எல்லையைத் தாண்டினால், அறைக்குள் இருக்கும் நீர் நொடியில் உறைந்து உயிரணு மடிகிறது. கிளையை வெட்டிப் பார்த்தால் உட்கட்டை கறுத்திருக்கும். வட அமெரிக்காவின் இலையுதிர் காடுகள் பலவற்றின் வடக்கு எல்லை −40 டிகிரிக் கோட்டை ஒட்டிப் போவதற்கு இதுவே முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது.

பிர்ச், ஆஸ்பென், வில்லோ, லார்ச் ஆகியவை இந்தச் சூதாட்டத்தில் இறங்குவதே இல்லை. இவற்றில் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள இடைவெளிகளில் பனி முதலில் உருவாகிறது. அந்தப் பனி உயிரணுவுக்குள் இருக்கும் நீரைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்துக்கொள்ள, உயிரணு வெயிலில் காய்ந்த வற்றல்போல் சுருங்குகிறது. உறைவதற்கு உள்ளே நீர் இல்லாவிட்டால் எவ்வளவு குளிர்ந்தால்தான் என்ன? எஞ்சிய சர்க்கரைக் கரைசல் கற்கண்டுபோல் படிகமாகாமல், கடலைமிட்டாய்ப் பாகு இறுகுவதுபோல் கண்ணாடியாக இறுகி, சவ்வுகளையும் புரதங்களையும் நிலைகுலையாமல் பிடித்துக்கொள்கிறது. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா சக்காய், குளிருக்குப் பழகிய மரக்குச்சிகளை முதலில் மெல்லக் குளிர்வித்து, பின்னர் −196 டிகிரித் திரவ நைட்ரஜனில் ஆழ்த்தியும் அவை உயிர் பிழைத்ததை 1960இல் வெளியிட்டார். பூமியில் எங்கும் அவ்வளவு குளிர் இல்லை.

இந்த ஆற்றல் ஆண்டு முழுதும் இருப்பதன்று. அதே பிர்ச் கிளை ஜூலையில் 0 டிகிரிக்குச் சற்றே கீழே போனாலும் மடிந்துவிடும். பகல் குறுகுவதை இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி உணர, வளர்ச்சி நிற்கிறது. பின்னர் வரும் மெல்லிய குளிர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கித் தாங்குதிறனை வளர்க்கிறது. எந்த அளவுக்குப் பகல் குறுகினால் நிறுத்த வேண்டும் என்பது விதை பிறந்த ஊரின் அகலாங்கைப் பொறுத்தது. ஆகவே ஒரே இனமாக இருந்தாலும், தெற்கில் விளைந்த விதையிலிருந்து வந்த சிவப்பு மேப்பிள், வடக்கில் செப்டம்பரிலும் வளர்ந்துகொண்டே நின்று உறைபனியில் மாட்டிக்கொள்ளும். நர்சரியில் விலையை விசாரிக்கும் முன், விதை எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். குளிருக்கு முன் மரத்துக்குத் தெம்பு கொடுப்பதாக எண்ணி இலையுதிர் காலத் தொடக்கத்தில் தழைச்சத்து உரமிடுவதும் இதே காரணத்தால் தீங்கு.

இத்தகைய அறிவு ஒரே நாளில் திரண்டதன்று. கனடாவின் சஸ்கட்ச்சுவான் மாகாணத்து இந்தியன் ஹெட் நகரில் 1901இல் தொடங்கிய அரசு நாற்றுப்பண்ணை, புல்வெளி நிலத்து விவசாயிகளுக்கு 60 கோடிக்கும் மேற்பட்ட கன்றுகளை வழங்கியது. 2013இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. ஒரு மரம் ஒரு மண்ணுக்கு ஏற்றதா என்றறியச் சில பத்தாண்டுகள் தேவைப்படும் ஓர் ஆய்வை, ஆண்டு வரவுசெலவுக் கணக்கில் வெட்டுவது குறுகிய பார்வை என்றே எண்ணுகிறேன்.

இனி வாசகரின் முற்றம். ஆஷ் மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது குளிரைத் தாங்கும், ஆனால் 2017இல் வின்னிபெக்கில் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டைத் தாங்காது. ஆஸ்பென் புல்தரையெங்கும் வேர்க்கன்றுகளை விடும் என்பதால் சிறிய முற்றத்துக்கு ஆகாது. பிர்ச், தன் மேலோட்டமான வேருக்கு ஈரமும் நிழலும் கேட்கும். நிழலுக்கு, அந்த மண்ணிலேயே விளைந்த விதையிலிருந்து வந்த பர் ஓக் நல்ல தேர்வு. ஓக் இனமாயினும் அது வின்னிபெக் இருக்கும் மானிட்டோபா மாகாணத்தின் மண்ணின் மைந்தன், மெதுவாகத்தான் வளரும். பழத்துக்கும் பூவுக்கும் சஸ்கட்டூன் பெர்ரி போதும். இளம் மரத்தின் தென்மேற்குப் பக்கப் பட்டை, பிப்ரவரி வெயிலில் சூடேறி மாலையில் திடீரென உறைந்து வெடிக்கும் என்பதால், முதல் சில ஆண்டுகள் தண்டில் வெள்ளைக் காப்புறை சுற்றி வையுங்கள். பக்கத்து வீட்டு பிர்ச்சுக்கு அந்த உறை தேவையில்லை. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளையை அது பட்டையிலேயே வைத்திருக்கிறது.