நிருபர் வாக்குக் கொடுத்தால் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் என்னைச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில் செம்பனைத் தோட்டக் கிராணி (அலுவலக எழுத்தர்) ஒருவர் தேடி வந்தார். தொழிலாளர் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கென்று பிடித்த பணம் மாதக்கணக்காகக் கட்டப்படாமல் இருந்ததைக் காட்டும் கணக்கேட்டின் பக்கமொன்றைக் கைப்பேசியில் படமெடுத்து, தமிழ் நாளிதழ் நிருபர் ஒருவருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியிருந்தார். செய்தி படத்தோடு வெளிவந்தது. நிர்வாகம் போலீசில் புகார் செய்ய, வாக்குமூலம் தர நிருபர் அழைக்கப்பட்டார்.

“தம்பி, என் பேரை அந்தப் பையன் சொல்லிடுவானா?” என்று கிராணி கேட்டார்.

சொல்லமாட்டார் என்றே நான் நம்பினேன். ஆனால், தகவல் தந்தவரின் பெயரை மறைப்பதற்கான உரிமையை நம் நாட்டுச் சட்டம் நிருபருக்குத் தரவில்லை. கட்சிக்காரர் என்னிடம் சொல்வதை 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு காக்கிறது. செய்தியாளருக்கு அத்தகைய பிரிவு எதுவும் அதில் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, தன்னையே குற்றச்சாட்டுக்கு ஆளாக்கக்கூடிய கேள்விகளைத் தவிர மற்றவற்றுக்கு, விசாரிக்கப்படுபவர் பதில் சொல்லியாக வேண்டும். பிரிட்டனிலோ, நீதியின் நலன், நாட்டுப் பாதுகாப்பு, குற்றத் தடுப்பு போன்ற காரணங்களுக்கு அவசியம் என்று நிறுவப்பட்டாலொழிய செய்தி யாரிடமிருந்து வந்தது என்று நீதிமன்றம் கேட்க முடியாது என்று 1981ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியொரு பிரிவு இங்கும் வரவேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

தகவல் அளிப்போரைக் காக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 711, இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். தொழிலாளர் துறை, ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்கத் தரப்பிடம் முறைகேட்டைச் சொன்னால்தான் அந்தச் சட்டம் உங்கள் அடையாளத்தைக் காத்து, பழிவாங்கலிலிருந்தும் வழக்கிலிருந்தும் பாதுகாப்புத் தரும். பத்திரிகைக்குச் சொன்னது அதற்குள் வராது. அமலாக்கத் தரப்பிடம் புகார் கொடுத்தபின் அதே விவரத்தை வெளியே சொல்வதையும் அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே எந்த வாசலை முதலில் தட்டுவது என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நிருபர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆனாலும் கிராணிக்கு வேலை போயிற்று. நாளிதழில் வந்த படத்தின் ஓரத்தில், சரிபார்த்த தொகைகளுக்கு எதிரே பச்சை மையில் சிறு கோடுகள் தெரிந்தன. அந்த அலுவலகத்தில் பச்சைப் பேனா வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

செய்தியாளர்களிடம் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: கையெழுத்து, மை, மடிப்புத் தடம், பக்க எண் எதுவும் தெரியும்படி தாளை அப்படியே அச்சிடாதீர்கள், விவரத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள். தகவல் தருபவர்களோ, தாளை யாருக்கும் அனுப்புவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.