வண்ணம் தீட்டும் முன் எல்லைக்கோட்டைச் சரிபாருங்கள்

சென்ற வாரம் ஆய்வு மாணவி ஒருவர் தம் முடிவுகளை என்னிடம் காட்ட வந்தார். நோயாளிகளின் பொட்டுமடல் முனையில் (நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியின் முன்நுனி) பெருமூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, தடித்திருக்கிறது என்பது அவருடைய கண்டறிதல். மடிப்புகளை விரித்துக் காட்டும் படத்தில் அந்த இடம் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. புறணியின் உள், வெளி எல்லைகள் என்று மென்பொருள் போட்ட கோடுகளை மூல எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "மென்பொருள் பிழையில்லாமல் முடிந்தது என்றுதான் வந்தது, சார்" என்றார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொருவரின் படத்தையும் ஃப்ரீவியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறந்தோம். பலருடைய படங்களில் புறணியின் வெளிக்கோடு மூளையைத் தாண்டிச் சென்று, அதை ஒட்டிக் கிடக்கும் டூரா உறையையும் உள்ளடக்கியிருந்தது. மாதக்கணக்கான உழைப்பில் அவர் அளந்தது புறணியோடு சேர்ந்த உறையை. இப்படி ஓர் ஆய்வு என் மேசைக்கு வருவது இது முதன்முறையாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவர் பயன்படுத்திய மென்பொருள் ஃப்ரீசர்ஃபர். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மார்ட்டினோஸ் மையத்தில் வளர்ந்த அது, எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து புறணியை அளக்கும் துறையில் மிகப் பரவலாகப் பயன்படும் கருவி. ஆண்டர்ஸ் டேல், புரூஸ் ஃபிஷல், மார்ட்டின் செரீனோ ஆகியோர் 1999-இல் வெளியிட்ட கட்டுரைகள் அதற்கு அடித்தளம். புறணியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்திருப்பதால், அதை ஒரு பரப்பாக விரித்துப் பார்க்கும் வழி பேருதவியானது. அந்த உதவியை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் "பிழையில்லாமல் முடிந்தது" என்ற அந்த ஒற்றை வரி எதைச் சொல்கிறது என்பதைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். ரீகான்-ஆல் என்ற கட்டளையின் படிகள் யாவும் நடுவில் நின்றுவிடாமல் ஓடி முடிந்தன என்பதை மட்டுமே அது சொல்கிறது. புறணிக்கு அடியில் இருக்கும் வெண்பொருளின் எல்லை சரியான இடத்தில் விழுந்ததா, வெளிக்கோடு புறணியோடு நின்றதா என்பதை அந்த வரி அறியாது. டி1 வகை எம்.ஆர்.ஐ. படத்தில் டூரா உறையின் ஒளிர்வு, புறணியில் உள்ள சாம்பல்பொருளின் ஒளிர்வை நெருங்கி வரும் இடங்களில், கோடு எங்கே நிற்க வேண்டும் என்று மென்பொருளுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. இருந்தாலும் ஏதோ ஓரிடத்தில் அது கோட்டைப் போட்டே தீரும், அந்தத் தவறான கோட்டிலிருந்தும் தடிமனைக் கணக்கிடும், அந்த எண்ணுக்கும் அழகான நிறத்தைக் கொடுக்கும். புறணியின் சராசரித் தடிமன் சுமார் 2.5 மி.மீ.; நாம் வழக்கமாக எடுக்கும் படத்தின் வோக்சல் (படத்தின் மிகச் சிறிய கனக்கூறு) 1 மி.மீ. இரண்டு மூன்று வோக்சல்களுக்குள் அடங்கும் ஒரு பட்டையில் கோடு அரை மில்லிமீட்டர் நழுவினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆகவே ஒவ்வொருவரின் படத்தையும் மூன்று தளங்களிலும் திறந்து பாருங்கள், பொட்டுமடல் முனையை இருமுறை பாருங்கள். வெண்பொருள் விடுபட்ட மடிப்புகளில் 'இது வெண்பொருள்' என்று மென்பொருளுக்குக் காட்டும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை இட்டு மீண்டும் ஓட்டுங்கள். டி2 அல்லது ஃப்ளேர் என்ற வேறு வகை எம்.ஆர்.ஐ. படம் இருந்தால் அதையும் மென்பொருளுக்குக் கொடுங்கள், உறையைப் பிரித்தறிய அது உதவும். யார் நோயாளி, யார் நலமானவர் என்று தெரியாத ஒருவரே திருத்த வேண்டும். ஐம்பது பேரின் படங்களைப் பார்க்க நேரமில்லை என்று சொல்பவர்களுக்கு ஐம்பது பேரைப் பற்றி எழுதவும் உரிமையில்லை.

ஆய்வின் நடுவில் மென்பொருளின் பதிப்பை மாற்றாதீர்கள். 2012-இல் குரோனன்ஷில்ட் குழுவினர் ஒரே படங்களை வெவ்வேறு ஃப்ரீசர்ஃபர் பதிப்புகளில் ஓட்டியபோது, புறணித் தடிமன் சராசரியாக 2.8 விழுக்காடும், கன அளவுகள் 8.8 விழுக்காடும் வேறுபட்டன. கணினியையும் இயங்குதளத்தையும் மாற்றினாலும் எண்கள் நகர்ந்தன.

தலை அசைவையும் மறந்துவிடாதீர்கள். படமெடுக்கும்போது தலை அசைந்தால் புறணி உள்ளதைவிட மெலிந்து காட்டப்படும். நடுக்கமுள்ள முதியவரும் சிறு குழந்தையும் மற்றவர்களைவிட அதிகமாக அசைவார்கள் என்பதால், அந்தப் பிழை ஒரு குழுவின் பக்கமே போய்ச் சேர்ந்து நோயின் அடையாளம் போல நிற்கும்.

மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃப்ரீசர்ஃபர் ஆய்வுக்கு உரியது, மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டதன்று என்று அதன் உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரே ஒருவரின் வண்ணப் படத்தை அச்சிட்டு, "உங்கள் அம்மாவின் மூளை இந்த இடத்தில் மெலிந்திருக்கிறது" என்று குடும்பத்தாரிடம் நீட்டாதீர்கள். அந்த நிறத்தைப் புகைப்படம் என்றே நம்பி, அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அந்த மாணவி இப்போது முதல் நபரின் படத்திலிருந்து கோடுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். நாளொன்றுக்கு நான்கு பேர் என்ற கணக்கில் போகிறார். ஐயமுள்ள படங்களை மாலையில் இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்.