பிள்ளைகளின் மனநலத்தை அளக்கும் 25 வரிகள்

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா பக்கம் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மனநலக் கணக்கெடுப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். கேள்வித்தாளைத் தேடும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: பள்ளியின் நிலவரம் தெரிந்தால் போதுமா, தவிக்கும் பிள்ளை யார் என்றும் தெரிய வேண்டுமா? நிலவரம் மட்டும் என்றால் பெயரே வேண்டாம். பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஆளுக்கொரு ரகசிய எண் கொடுத்து, பெயர்ப் பட்டியலை ஆலோசகர் மட்டும் பூட்டி வைக்க வேண்டும். பெற்றோர் சம்மதம் கட்டாயம் வாங்கவேண்டும்.

பரவலாகப் பயன்படுவது, பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. (SDQ) என்ற கேள்வித்தாள்; பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்பது. தமிழிலும் இருக்கிறது. 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தாங்களே நிரப்பலாம். கடந்த ஆறு மாதத்தை நினைத்து 25 வாக்கியங்களுக்கும் டிக் அடிக்க வேண்டும்: உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை. உணர்ச்சி, நடத்தை, கவனமும் துறுதுறுப்பும், சக மாணவர் உறவு, உதவும் குணம் என்று தலா ஐந்து. உதவும் குணத்தை விட்டுவிட்டு மற்ற நான்கையும் கூட்டினால் 0 முதல் 40 வரை வரும். பிள்ளையே நிரப்பிய தாளில் 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிகம் என்று கணக்கு. அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு பெரும்பாலும் எக்செலில்தான் கெடுகிறது. வழக்கமாக ‘உண்மையில்லை’க்கு 0, ‘ஓரளவு உண்மை’க்கு 1, ‘நிச்சயமாக உண்மை’க்கு 2. ஆனால் 7, 11, 14, 21, 25 ஆகிய வாக்கியங்கள் நல்ல குணத்தைச் சொல்பவை. ‘எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவராவது உண்டு’ என்ற மாதிரி. அவற்றில் 2 என்பதை 0 என்றும், 0 என்பதை 2 என்றும் திருப்பிப் போட வேண்டும். மறந்தால், ஐந்திலும் நல்ல பதில் சொன்ன பிள்ளைக்குச் சும்மா 10 புள்ளி ஏறிவிடும். ஒரு பிரிவில் மூன்று பதிலாவது இருந்தால் விகிதப்படி நிரப்பிக்கொள்ளலாம். அதற்கும் குறைந்தால் அந்தப் பிரிவை விட்டுவிடுங்கள்.

தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே கூடாது. பத்துக்குப் பத்து அறையில் அம்மா, அண்ணன் எல்லோரும் பார்க்க, ‘அடிக்கடி கவலைப்படுகிறேன்’ என்று எந்தப் பிள்ளை டிக் அடிக்கும்? வகுப்பிலேயே, பெஞ்சுக்கு ஒருவராக உட்கார வைத்து நிரப்பச் சொல்லுங்கள். வகுப்பாசிரியர் வெளியே இருக்கட்டும். பிள்ளைக்கு எந்த மொழி சரளமாக வாசிக்க வருமோ அந்த மொழித் தாள்; வீட்டில் தமிழ் பேசினாலும் பலருக்கு ஆங்கிலமோ இந்தியோதான் ஓடும். ஜூனில் வேண்டாம், புது வகுப்பு இன்னும் பழகியிருக்காது. பரீட்சை வாரமும் வேண்டாம்.

தாளின் அடியில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று கேட்டிருக்கும். புள்ளி கூட்டுவதற்கு முன் அதைத்தான் படிக்க வேண்டும், அன்றைக்கே. ஆபத்தாக ஏதும் எழுதியிருந்தால் பிள்ளை வீட்டுக்குப் போகும் முன் ஆலோசகர் பேசியாக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் 14416 எண்ணைத் தாளிலேயே அச்சடித்துக் கொடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.