எட்டு வித்துகள் கொண்ட பை

ஐப்பசி மழை பிடித்து ஈரம் நின்றுவிட்டால், கொடுமுடி, சிவகிரிப் பக்கத்து மஞ்சள் காடுகளில் அடியிலைகள் நிறம் மாறத் தொடங்கும். ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலத்தில், கட்டம் கட்டமான புள்ளிகள் நரம்பை ஒட்டி வரிசை பிடித்திருக்கும். முதலில் வெளிர்மஞ்சள், பிறகு அழுக்கு மஞ்சள். புள்ளிகள் ஒன்றோடொன்று கூடியதும் இலை செம்பழுப்பாகிக் கோணிக்கொள்ளும்.

இது டாஃப்ரினா மேக்குலன்ஸ் என்ற பூஞ்சையின் வேலை. பூஞ்சை உலகிலேயே மிகப் பெரிய கூட்டமான பைப்பூஞ்சைகளைச் சேர்ந்தது அது. அந்தக் கூட்டத்தில் 60,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

இவற்றின் அடையாளம் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஒரு பை. அதற்குள் இரண்டு உட்கருக்கள் இணைந்து ஒன்றாகின்றன. அது குன்றல் பகுப்பில், அதாவது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் பிரிவில், நான்காகி, பெரும்பாலும் மறுபடியும் பிரிந்து எட்டாகிறது. ஒவ்வொன்றையும் சுற்றி உறை வளர்ந்தால், பூஞ்சையைப் பரப்பும் எட்டு வித்துகள், அதாவது நான்கு இணைகள். ஓர் இணையின் மரபணுக் கலவை இன்னோர் இணையில் இருக்காது. மருந்துக்குத் தப்பும் புது வகை தலையெடுக்க இங்கேயும் ஒரு வழி பிறக்கிறது. பல இனங்களில் முதிர்ந்த பை நீரை உறிஞ்சி விம்மும். நுனி திறந்ததும் வித்துகள் பீய்ச்சியடிக்கப்படும். இலையை ஒட்டிய அசையாத காற்றைத் தாண்டினால் போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். இவ்வளவு சிறிய உயிரில் இப்படியொரு ஏற்பாடா என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பெரும்பாலான இனங்கள் பைகளைக் கிண்ணம், குடுவை வடிவக் கூடுகளுக்குள் காக்கும். டாஃப்ரினாவுக்குக் கூடு கிடையாது. இலையின் மெழுகுத்தோலைப் பிளந்துகொண்டு பைகள் வெட்டவெளியில் நிற்கும். காய்ந்த சருகில் பிழைத்திருந்து அடுத்த பயிரைத் தொற்றுவதால், அறுவடைக்குப் பின் சருகைக் காட்டிலேயே விட்டுவைப்பது ஆபத்து.

சொந்தக்காரர்களோ ஏராளம். கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் ஒன்று. கறிக்குழம்பில் மணக்கும் கல்பாசியின் உடலில் பெரும்பங்கும், பாசியோடு கூடி வாழும் ஒரு பைப்பூஞ்சைதான். பொள்ளாச்சித் தோப்புகளின் எருக்குழிகளில் காண்டாமிருக வண்டின் புழுவைத் துளைத்துக் கொன்று, பிணத்தின்மேல் பச்சைத் தூளாகப் படியும் மெட்டாரைசியமும் இந்த வகையே. அது பெரும்பாலும் பையை உண்டாக்காமலேயே பெருகும். இப்படிப்பட்ட இனங்களின் உறவை மரபணு ஆய்வுதான் உறுதி செய்கிறது.

மஞ்சளுக்குத் தொழுவுரத்தோடு இடும் டிரைக்கோடெர்மாவும் பைப்பூஞ்சையே. கிழங்கை அழுகவைக்கும் கிருமிகளின் இழைகளைச் சுற்றிப் பின்னி, அவற்றின் சுவரைக் கரைத்து உண்ணும். ஆனால் பலர் விதைக்கிழங்கை நனைக்கும் கார்பன்டசிம், பூஞ்சையின் உட்கரு பிரிவதையே நிறுத்துகிற மருந்து. அது டிரைக்கோடெர்மாவையும் விட்டுவைக்காது. இரண்டையும் சேர்த்து இட்டால் டிரைக்கோடெர்மாவுக்குக் கொடுத்த காசு வீண்.