பென்சில் கோட்டை அழிக்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு மின்சூளை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் வனைந்து, படம் கீறிக் கொண்டுவரும் பாண்டங்களைச் சுட்டுக் கொடுப்பதும் என் தொழிலில் ஒரு பகுதி. பாடசாலைக் கண்காட்சி, கலியாணக் கும்பம், நிலாவெளி ஹோட்டல்களுக்கு விளக்கு என்று ஏதாவது வந்துகொண்டிருக்கும். போன கிழமை ஒரு பூச்சாடி வந்தது. கோணேசர் மலையும் கோட்டை மான்களும் கீறியிருந்தார்கள், நல்ல கை. கழுத்தில் நீளமாக ஒரு விரிசல். கொண்டுவந்த தங்கச்சி, "அக்கா, பென்சில் கோடு ஒண்டும் தெரியாமல் வடிவா அழிச்சிட்டன்" என்றார்.

அந்த விரிசல் அழிறப்பர் செய்த வேலை. இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்த்தான் எழுதுகிறேன்.

படத்துக்கு வழிகாட்டக் கீறும் சாதாரண பென்சில் கோடு சூளையில் நிற்காது. பென்சில் கூரில் இருப்பது கிராபைட்டும் களிமண்ணும். இலங்கையின் போகலைச் சுரங்கத்தில் எடுக்கிறார்களே, அதே கிராபைட்தான். அது முழுக்கக் கரி. காற்றுப் படும் சூளையில் 600, 700 பாகை தாண்டும்போது எரியத் தொடங்கும். முதற்சூட்டுக்கு நான் 1000 பாகைவரை கொண்டுபோகிறேன், அதற்குள் கோடு போன இடம் தெரியாது. மிஞ்சும் துளி களிமண் உங்கள் பானையோடு பானையாகிவிடும்.

"பென்சில் கூரையே சூளையில் சுட்டுத்தானே செய்கிறார்கள், அது எரியவில்லையே" என்று ஓர் ஆசிரியர் மடக்கினார். நல்ல கேள்வி. 1795இல் பிரான்ஸில் கோந்தே என்பவர் காப்புரிமை பெற்ற முறை அது: கிராபைட்டைக் களிமண்ணோடு குழைத்துச் சுடுவது. ஆனால் கூரைச் சுடும்போது காற்றுப் புகாமல் மூடிச் சுடுவார்கள். காற்று இல்லாவிட்டால் கரி எரியாது. வைக்கோல் போட்டுச் சுடும் சூளையிலும் காற்றுப் போகாத பக்கம் கறுப்பாகவே வரும். அங்கே பென்சில் கோடு தப்பினாலும், அந்தக் கறுப்புக்குள் யார் தேடப் போகிறார்கள்?

அழித்தால் என்ன ஆகும்? காய்ந்த, இன்னும் சுடாத பச்சைப் பாண்டத்துக்குப் பலமே கிடையாது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்து மறு கையால் தேய்த்தால் கழுத்து விரிசல் விடும். உடையாவிட்டாலும் தேய்த்த இடம் மினுங்கி இறுகிவிடும், பிறகு பூசும் வண்ணம் அங்கே சரியாகப் பிடிக்காது. கிராபைட்டும் இழுபட்டு மண்ணின் துளைகளுக்குள் போய் இன்னும் அழுக்காகத் தெரியும், உடனே இன்னும் தேய்ப்பீர்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிழையான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைக் கீறுங்கள். 2பி போன்ற மெதுவான பென்சில் போதும், எச் வகை மண்ணைச் சுரண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு. வெண்கட்டி சுண்ணாம்போ ஜிப்சமோதான், அது எரிந்து போகாது. பொன்நிற, வெள்ளிநிறப் பேனைகளில் உலோகத் தூள் இருக்கிறது, கறை விடும். வெள்ளை மாக்கரில் இருக்கும் டைட்டேனியமும் அப்படியே நிற்கும். கடையில் வாங்கும் எனாமல் பெயின்ரைப் பூசிவிட்டு "சுட்டுத் தாங்கோ" என்று வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது நான்.

கோடு கீற பென்சிலைவிட எனக்குப் பிடித்தது கேசரிப் பவுடர். தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் கீறலாம், சூட்டில் போய்விடும்.

ஒரே வடிவம் பல பானைகளில் வேண்டுமென்றால் தாளில் கீறி, கோட்டோடு ஊசியால் துளையிட்டு, பானையில் வைத்து, சிரட்டைக் கரித்தூளை மெல்லிய துணியில் முடிந்து தட்டுங்கள். புள்ளி புள்ளியாக இறங்கும். உருண்ட வயிற்றில் தாள் சுருங்கும். ஓரங்களில் வெட்டுப் போட்டால் படியும். காபன் தாளும் பாவிக்கலாம், அந்தக் கோடும் எரிந்துவிடும். ஆனால் காய்ந்த பானையில் அதை அழுத்தவே கூடாது.

அழுத்திக் கீறுவதற்கென்று ஒரு பதம் இருக்கிறது: நகம் வைத்தால் தடம் விழ வேண்டும், பிடித்தால் வளையக் கூடாது. அப்போது மெல்லிய தாளை மேலே வைத்து, மை தீர்ந்த பேனையால் கோட்டின்மேல் போனால் மண்ணில் தடம் இறங்கும், பிசிறும் வராது. மண்கூழையோ சூளை வண்ணத்தையோ பத்திரிகைத் தாளில் பூசி ஒற்றி எடுப்பதற்கும் இதே பதம்தான். காய்ந்த மண்ணில் ஒட்டாது. ஒற்றினால் எழுத்து இடம்வலமாகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கண்ணாடியில் பார்த்தால் மட்டும் வாசிக்கக்கூடிய "நல்வரவு" ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது, செய்தவர் வாங்க வரவில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பதம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். காலையில் வனைந்தது மாலைக்குள் வெளுத்து நிற்கும். பொலித்தீன் பையால் மூடி வையுங்கள், கீறும் பக்கத்தை மட்டும் திறவுங்கள். வெளுத்துப்போனதைத் தண்ணீர் தெளித்துப் பழைய பதத்துக்குக் கொண்டுவர முயற்சிக்காதீர்கள், பிளந்துவிடும்.

தூளை ஊதாதீர்கள். இதைச் சிறுவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள். களிமண் தூளில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பாகும், தழும்பானது திரும்பாது. காய்ந்ததை அரத்தாளால் தேய்ப்பதும் வேண்டாம். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

மாரியில் சுடக் கொண்டுவருபவர்களுக்கு: பானையின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சூளையில் வெடித்துப் பக்கத்துப் பானையையும் கொண்டுபோகும். இன்னும் சில நாள் வீட்டிலேயே இருக்கட்டும். கொண்டுவரும்போது காதைப் பிடித்துத் தூக்காமல், அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.