பிழிவதுதான் பெரிய வேலை

துணியிலிருந்து அழுக்கை எடுப்பதைவிடத் தண்ணீரை எடுப்பதுதான் வாஷிங் மெஷின் செய்தவர்களை அதிகம் படுத்தியது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூங்கில் கழியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. டிசம்பர் மழையில், சரியாகப் பிழியாத ஜீன்ஸ் லேசில் காயாது, வாடை வேறு.

1922இல் மேடேக் நிறுவனம் தொட்டியின் அடியில் துடுப்பை வைத்தது. துவைக்கும் வேலை அதோடு பெரும்பாலும் முடிந்தது. பிழிவதற்கோ இரண்டு உருளைகள்தான். துணியோடு விரலும் உள்ளே போனதுண்டு. 1947இல் ஜெனரல் எலக்ட்ரிக் விற்ற மேல்திறப்பு மெஷினில் ஒரே தொட்டி துவைத்தது, பிறகு தானே சுழன்று பிழிந்தது. ஜப்பானின் சான்யோ 1960இல் பிழிவதற்கென்றே பக்கத்தில் இன்னொரு தொட்டி வைத்தது. ஈரத்துணியை அள்ளி மாற்றுவது மட்டும் நம் பாடு.

22 செ.மீ. ஆரமுள்ள தொட்டி நிமிடத்துக்கு 700 முறை சுழன்றால், அதன் சுவரில் ஒட்டியிருக்கும் துணி புவியீர்ப்பைப்போல் சுமார் 120 மடங்கு விசையை உணரும். துணி ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் மெஷினே நகர்ந்துவிடும். 1937இல் வந்த பெண்டிக்ஸ் மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கவேண்டியிருந்தது.

பிறகு தொட்டியை நான்கு மூலையிலும் ஸ்பிரிங் கம்பிகளில் தொங்கவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அடுத்து வந்த தந்திரம்: தொட்டி விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வளையம், அதற்குள் பாதியளவு உப்புத்தண்ணீர். வேகம் குறைவாக இருக்கையில் கனமான பக்கம் வெளியே தள்ளும், தொட்டி உதறும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகும். தொட்டி தன் எடைமையத்தைச் சுற்றியே சுழலத் தொடங்குவதால், இப்போது லேசான பக்கம்தான் அச்சிலிருந்து தள்ளி நிற்கும். வளையத்துத் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிப்போய் எடையைச் சமன்செய்துவிடும். சென்சார் இல்லை, மின்சாரம் இல்லை. உப்பு எதற்கு? அதே இடத்தில் கூடுதல் எடை கிடைக்கும்.

1990இல் துணிக்கேற்பத் துவைப்பதை மெஷினே முடிவு செய்யும் பானாசோனிக்கின் ஃபஸி லாஜிக், 1991இல் நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம் கியர்பெட்டியைத் தூக்கிவிட்டு நேரடியாகப் பொருத்திய மோட்டார் என்று மாற்றங்கள் தொடர்ந்தன. இரண்டாவதுதான் உண்மையான முன்னேற்றம் என்பேன்.

காலியான தொட்டியைக் கையால் அசைத்தால் விளிம்பில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கலாம். பழுதென்று நினைத்து ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.